ஆர்டர் திரைக்குப் பின்னால் இருக்கும் பேரேடு

தாம்பரம் சண்முகம் சாலை தொடங்கி ஜி.எஸ்.டி. சாலை நெடுகக் கூடுவாஞ்சேரி வரையிலும், கிழக்கே சேலையூர், மேடவாக்கம் வரையிலும் மொத்த வியாபாரம் செய்யும் அன்பர்களைத் தேடி இப்போது இளைஞர்கள் பலர் வருகிறார்கள். சில்லறைக் கடைக்காரர் தம் செல்போனிலேயே திறந்து ஆர்டர் போடும்படி ஒரு பக்கம் அமைத்துத் தருகிறோம் என்கிறார்கள். திரையைக் காட்டுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. துவரம் பருப்புப் படத்தைத் தொட்டால் எத்தனை மூட்டை என்று கேட்கிறது. "எல்லாம் சரி தம்பி, கணக்கு எங்கே போய் உட்காருகிறது?" என்று கேட்டால், "அது பேக்கெண்ட் அண்ணாச்சி, அதை நாங்க பார்த்துக்கிறோம்" என்று பதில் வருகிறது.

அந்தப் பேக்கெண்ட் என்பதுதான் நமது பேரேடு. கடையின் முகப்பை யார் வேண்டுமானாலும் வர்ணம் அடித்துத் தரட்டும். பேரேட்டை இன்னொருவர் பார்த்துக்கொள்கிறேன் என்றால் நாம் இரண்டு கேள்வி கேட்டே ஆக வேண்டும். நாம் பள்ளிப் படிப்போடு கடைக்கு வந்தவர்கள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் இத்தொழிலில் இருக்கும் நமது வீட்டுப் பிள்ளைகளிடம் பொறுமையாகக் கேட்டுப் பார்த்ததில் ஒன்று புரிந்தது. சிட்டை, பேரேடு எழுதத் தெரிந்தவருக்கு இதில் விளங்காதது மிகக் குறைவு. தெரிந்துகொண்டதை உறுப்பினர்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் அமைப்பைப் பார்ப்போம். கடைக்காரர் கையில் இருக்கும் செல்போன் திரை வெறும் முகப்பு. அதில் எதுவும் தங்குவதில்லை. அவர் போடும் ஆர்டர் இணையம் வழியாக ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கே ஒரு மென்பொருள் அதை வாங்கி, இவர் யார், கடன் வரம்பு எவ்வளவு, சரக்கு இருக்கிறதா என்று பார்த்துப் பதில் சொல்கிறது. இதைப் பிரேம்வொர்க் என்ற அடிப்படைக் கட்டுமானத்தின் மேல் எழுதுகிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து நாளிதழ் ஒன்றின் அலுவலகத்தில் உருவாகி 2005இல் வெளியான ஜாங்கோ, 2011இல் வந்த லாராவெல் எல்லாம் இவ்வகைதான். அந்தப் பிரேம்வொர்க்குக்கும் பின்னால், கணக்கைத் தன்னிடம் வைத்திருப்பது டேட்டாபேஸ். பிரேம்வொர்க்கைக் கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொண்டால், டேட்டாபேஸ் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் புத்தகங்கள். வாடிக்கையாளர் கணக்குப்பிள்ளையிடம் பேசலாம். புத்தகத்தில் கை வைக்கக் கூடாது.

டேட்டாபேசில் பல வகை உண்டு. வியாபாரக் கணக்குக்கு ஏற்றது ரிலேஷனல் என்ற வகை. ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த காட் என்பவர் 1970இல் இதன் இலக்கணத்தை எழுதி வெளியிட்டார். எல்லாவற்றையும் அட்டவணைகளாக வை, ஒன்றில் உள்ளதை இன்னொன்றில் திரும்ப எழுதாதே, எண்ணைக் கொண்டு தொடர்புபடுத்து என்பது அதன் சாரம். நமக்கு இது புதிதே அல்ல. சிட்டையில் ஒரு விற்பனையை எழுதும்போது பார்ட்டியின் முகவரி முழுவதையும் யாரும் எழுதுவதில்லை. பேரேட்டுப் பக்கம் 112 என்று ஓரத்தில் குறிப்போம். அந்த 112தான் இங்கே 'கீ' எனப்படுகிறது. முருகன் பெயரில் கடை வைத்திருப்போர் நமது பகுதியிலேயே எத்தனையோ பேர். பெயரைக் கொண்டு கணக்கு வைத்தால் குரோம்பேட்டைக்காரர் கட்டிய பணம் பம்மல்காரர் கணக்கில் ஏறும். எண்ணைக் கொண்டு வைத்தால் ஏறாது. கடை இடம் மாறினாலும் ஒரே இடத்தில் முகவரியைத் திருத்தினால் போதும்.

இனி உள்ள விஷயங்களை ஒரு மென்பொருளை எடுத்துக்கொண்டு சொன்னால் தெளிவாக இருக்கும். மும்பையில் ருஷப் மேத்தா என்பவர் தம் குடும்பத்தாரின் மரச்சாமான் தொழிலுக்குச் சரிப்பட்டு வரும் கணக்கு மென்பொருள் கிடைக்காமல் தாமே எழுதத் தொடங்கியது இ.ஆர்.பி.நெக்ஸ்ட். நிறுவனம் தொடங்கியது 2008இல். அதற்கு அடித்தளமாக அவர்கள் எழுதிய பிரேம்வொர்க்கின் பெயர் ஃப்ராப்பே. பின்னால் இருக்கும் டேட்டாபேஸ் மரியாடிபி. இவை எல்லாமே மூல நிரலோடு இலவசமாகக் கிடைப்பவை. நாம் யாருக்கும் தரகு பேசவில்லை. வியாபாரக் குடும்பத்திலிருந்து வந்தது என்பதாலும், உள்ளே என்ன நடக்கிறது என்பதை எவரும் திறந்து பார்க்கலாம் என்பதாலும் இதை எடுத்துக்கொண்டோம். (மரியாடிபியை எழுதிய பின்லாந்துக்காரர் முதலில் எழுதிய டேட்டாபேசுக்கு மூத்த மகள் 'மை' பெயரை வைத்து மைஎஸ்.கியூ.எல். என்றார். அது பெரிய நிறுவனத்தின் கைக்குப் போகும் நிலை வந்ததும் 2009இல் அதிலிருந்து பிரித்து இளைய மகள் மரியா பெயரில் இதைத் தொடங்கினார். பெண் பிள்ளைகள் பெயரில் கடை வைப்பது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கம் அல்ல போலும்.)

ஃப்ராப்பேயில் பில், பார்ட்டி, சரக்கு என்று ஒவ்வொரு வகைத் தாளுக்கும் ஒரு படிவம் வரைந்தால், டேட்டாபேசில் அதற்கென ஓர் அட்டவணை தானாகவே உண்டாகிவிடும். 'சேல்ஸ் இன்வாய்ஸ்' என்ற படிவத்துக்கு 'டேப் சேல்ஸ் இன்வாய்ஸ்' என்று முன்னால் 'டேப்' சேர்த்துப் பெயர் வைத்துக்கொள்ளும். பேரேட்டுப் பதிவுக்குத் தனி அட்டவணை, சரக்குப் புத்தகத்துக்குத் தனி அட்டவணை.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன? சர்வரில் ஒரு சிறு கோப்பு இருக்கிறது. ஃப்ராப்பேயில் அதற்கு 'சைட் கான்ஃபிக்' என்று பெயர். எந்த டேட்டாபேஸ், அது எந்த இயந்திரத்தில் இருக்கிறது, பயனர் பெயர் என்ன, பாஸ்வேர்டு என்ன என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியவரும். வாசல் எண் என்று ஒன்றும் உண்டு. மரியாடிபிக்கு வழக்கமாக 3306. பிரேம்வொர்க் இந்தக் கோப்பைப் படித்து, டிரைவர் என்ற இடைத்தரகு மென்பொருள் மூலம் டேட்டாபேஸ் கதவைத் தட்டுகிறது. பாஸ்வேர்டு சரியாக இருந்தால் கதவு திறக்கும். திறந்த கதவு வழியே எஸ்.கியூ.எல். என்ற மொழியில் கேள்வி போகும், பதில் வரும். பார்க்கப் போனால் இவ்வளவுதான் இணைப்பு. ஆனால் இந்தச் சிறு கோப்பு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் நம் கடை இருக்கிறது. இதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறோம்.

கதவுகளுக்கும் அளவு உண்டு. மரியாடிபியில் யாரும் மாற்றாவிட்டால் ஒரே நேரத்தில் 151 இணைப்புகள்தான். வேலை முடிந்ததும் இணைப்பை மூடாமல் விட்டுவிடும்படி அரைகுறையாக எழுதிய மென்பொருள், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் கடைக்காரர் அத்தனை பேரும் ஆர்டர் போடும் காலை நேரத்தில் நின்றுபோவது இதனால்தான். இணையம் சரியில்லை என்று அப்போது சமாதானம் சொல்வார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கிடங்கில் 26 கிலோ பொன்னி அரிசி 40 சிப்பம் இருக்கிறது. குரோம்பேட்டைக் கடைக்காரர் 25 கேட்கிறார். அதே நிமிடத்தில் கூடுவாஞ்சேரிக்காரர் 20 கேட்கிறார். இருவர் திரையிலும் இருப்பு 40 என்றுதான் தெரிகிறது. இருவருக்கும் சரி என்று சொல்லிவிட்டால் 45 சிப்பம் விற்றாகிவிட்டது; 5 சிப்பத்துக்கு மறுநாள் காலையில் வெளியில் கூடுதல் விலைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும், அல்லது பேச்சு வாங்க வேண்டும். ரயில்வேக்கு இதே சிக்கல் ஒரே படுக்கைக்கு இரண்டு பேர் டிக்கெட் எடுப்பதில் வரும். 2002இல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கிய பிறகு கவுன்டரில் நிற்பவரும் வீட்டில் இருப்பவரும் ஒரே படுக்கைக்குப் போட்டியிட்டாலும் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது அல்லவா?

டேட்டாபேஸ் இதைப் பூட்டு போட்டுச் சமாளிக்கிறது. முதலில் வந்த ஆர்டர் அந்தப் பொன்னி அரிசி வரியைப் பூட்டிக்கொள்ளும். 25 கழித்து 15 என்று எழுதி முடிக்கும் வரை இரண்டாவது ஆர்டர் வாசலில் நிற்கும். பூட்டு திறந்ததும் அதன் கண்ணில் படுவது 15தான். ஆகவே கூடுவாஞ்சேரிக்காரருக்கு 15 தான் இருக்கிறது என்று உடனே பதில் போகும். எல்லாம் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில். ஆனால் டேட்டாபேசில் வசதி இருந்தால் மட்டும் போதாது. மென்பொருள் எழுதியவர் அந்தப் பூட்டைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். இதற்குப் பெரிய ஞானம் வேண்டாம். வாங்குவதற்கு முன் இரண்டு செல்போனை வைத்துக்கொண்டு, இருப்பு 1 உள்ள சரக்குக்கு இருவர் ஒரே நேரத்தில் ஆர்டர் போட்டுப் பாருங்கள். இருவருக்கும் வெற்றி என்று வந்தால் வணக்கம் சொல்லி அனுப்பிவிடலாம். இ.ஆர்.பி.நெக்ஸ்டில் இருப்பு மைனஸில் போகலாமா கூடாதா என்பதற்கு ஒரு குறி இருக்கிறது; அவசரத்துக்கு என்று அதைத் திறந்து வைத்துவிட்டால் பூட்டு இருந்தும் பயனில்லை.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. ஒரு பில் போட்டால் பில் தலைப்பு, சரக்கு வரிகள், சரக்குப் புத்தகத்தில் கழிவு, பார்ட்டி கணக்கில் பற்று, விற்பனையிலும் ஜி.எஸ்.டி.யிலும் வரவு என்று ஐந்தாறு இடங்களில் எழுத வேண்டும். மூன்றாவது எழுதும்போது மின்சாரம் போனால்? 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயலில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து நாள் கணக்கில் இருட்டில் இருந்த பகுதி இது. சரக்குக் கழிந்து, பார்ட்டிக்குப் பற்று ஏறாமல் போன பில்லைத் தேடிக் கண்டுபிடிப்பது மூட்டைக்குள் விழுந்த நாணயத்தைத் தேடுவது போன்றது. ரிலேஷனல் டேட்டாபேசில் இந்த ஐந்தாறு பதிவையும் ஒரு கட்டாகக் கட்டி, எல்லாம் முடிந்தால் மட்டும் 'கமிட்' என்று உறுதி செய்வார்கள். நடுவில் எது தவறினாலும் 'ரோல்பேக்'. அதாவது அந்தப் பில் எழுதத் தொடங்கவே இல்லை என்ற நிலைக்குப் போய்விடும். அரை பில் என்ற ஒன்று இருக்காது. ஃப்ராப்பேயில் பதிவு செய்யும் கோரிக்கை ஒவ்வொன்றையும் பிரேம்வொர்க்கே இப்படிக் கட்டிவிடுகிறது. பிழை வந்தால் தானாக ரோல்பேக். தனித்தனியாக எழுதும் சிறு மென்பொருள்களில் இதை விட்டுவிடுபவர்கள் உண்டு. பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒயரைப் பிடுங்கச் சொல்லிச் சோதிப்பதில் தவறில்லை.

காசு விஷயம் ஒன்று சுருக்கமாக. கம்ப்யூட்டர் பின்னங்களைத் தன் வசதிக்கு ஏற்ற முறையில் வைத்தால் 0.1 உடன் 0.2 சேர்த்தால் சரியாக 0.3 வராது; பதினேழாவது தசமத்தில் ஒரு 4 ஒட்டிக்கொண்டு நிற்கும். லட்சக்கணக்கான வரிகளில் அது பைசாவாகத் திரண்டு, ஆண்டு முடிவில் ஐந்தொகை இடிக்கும். ஆகவே பணத்துக்கு 'டெசிமல்' என்ற கட்டம்தான் வைக்க வேண்டும். இதைக் கேட்டால் அந்தத் தம்பி உங்களை மரியாதையாகப் பார்ப்பார்.

அட்டவணையை வரைந்தவருக்கு வியாபாரம் தெரியுமா என்பதற்குச் சரியான பரீட்சை 2025 செப்டம்பர் 22 அன்று வந்தது. அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. நெய் 12 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கியது. சோப்பு, பிஸ்கட், தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாம் 18இலிருந்து 5க்கு வந்தன. வரி விகிதத்தைச் சரக்கு அட்டவணையில் மட்டும் வைத்து, பில்லைத் திறக்கும்போதெல்லாம் அங்கே போய்ப் பார்க்கும்படி எழுதிய மென்பொருள் என்ன செய்யும்? 22ஆம் தேதி காலையில் நெய்க்கு 5 என்று மாற்றியதும் ஆகஸ்டு மாதப் பழைய பில் எல்லாமே 5 சதவீதமாகக் காட்டும். ஆகஸ்டில் 12 சதவீதத்தில் விற்ற நெய் அக்டோபரில் திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டு 12 சதவீதத்தில் போட வேண்டும். பழைய பில்லோடு அது பொருந்த வேண்டும். ஒன்றைத் திரும்ப எழுதாதே என்று காட் சொன்ன இலக்கணத்துக்கு இங்கே விலக்கு உண்டு. ஏனெனில் இன்றைய விகிதம் வேறு, பில் போட்ட அன்றைய விகிதம் வேறு, இரண்டும் ஒன்றல்ல. விற்ற விலை, விற்ற அன்றைய வரி இரண்டையும் பில் வரியிலேயே எழுதி வைக்க வேண்டும். இ.ஆர்.பி.நெக்ஸ்டில் அப்படித்தான் இருக்கிறது. புதிதாக ஒன்று செய்யச் சொல்பவர்கள் இந்த நெய் உதாரணத்தையே கேட்டுப் பாருங்கள்.

எழுதியதை அடிப்பது பற்றி. ஜி.எஸ்.டி. விதி 56(8) என்ன சொல்கிறது என்றால், கணக்கில் எழுதியதை அழிக்கவோ மேலெழுதவோ கூடாது. மின்னணு முறையில் வைத்தால் திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் குறிப்பு இருக்க வேண்டும். வெள்ளை மை தடவக் கூடாது என்ற நமது பெரியவர்கள் வழக்கத்தைத்தான் சட்டம் சொல்கிறது. ஃப்ராப்பேயில் பில் வரைவாக இருக்கும்வரை திருத்தலாம். 'சப்மிட்' செய்துவிட்டால் பில்லைத் திருத்துவதென்றால் ரத்து செய்துவிட்டுத்தான். பழைய பில் ரத்து என்ற முத்திரையோடு அப்படியே இருக்கும். அதே எண்ணுக்குப் பின்னால் 1 என்று சேர்த்துப் புதிய பில் வரும். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும்.

ஆனால் இந்தக் கட்டுப்பாடு எல்லாம் கணக்குப்பிள்ளை வழியாக வருபவருக்குத்தான். டேட்டாபேசின் பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் பிரேம்வொர்க்கைத் தொடாமலே நேராக அட்டவணைக்குள் போய் 25ஐ 15 ஆக்கலாம். முன்வாசலில் காவல் இருக்க, பின்வாசல் வழியாக வருவது இது. படிவத்தில் குறிப்பு எதுவும் விழாது. ஆகவேதான் அந்தச் சிறு கோப்பை அவ்வளவு பெரிதாகச் சொன்னோம். 3306 வாசல் இணையத்தில் திறந்து கிடக்கக் கூடாது. பிரேம்வொர்க் அதே இயந்திரத்தில் இருந்தால் வெளியிலிருந்து அந்த வாசலுக்கு வழியே வேண்டியதில்லை. தலைமைப் பயனரின் பாஸ்வேர்டைக் கோப்பில் போட்டு வேலையை முடிப்பது சோம்பேறித்தனம். அந்த ஒரு டேட்டாபேசுக்கு மட்டும் உரிமை உள்ள தனிப் பயனர் வேண்டும். ஆர்டர் பக்கத்தின் பெயர்க் கட்டத்தில் எஸ்.கியூ.எல். கட்டளையை எழுதிப் பேரேட்டையே கலைப்பவர்களும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் எழுதியதைக் கட்டளையோடு ஒட்டாமல் தனியாக அனுப்பும்படி பிரேம்வொர்க்கில் முறை இருக்கிறது. அதைப் பின்பற்றியிருக்கிறார்களா என்று இன்னொரு கம்ப்யூட்டர்க்காரரை வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

நமக்குத் தெரிந்த எண்ணெய் வியாபாரி ஒருவருக்கு நேர்ந்தது இது. மென்பொருள் எழுதித் தந்தவர் சர்வரைத் தம் பெயரிலேயே வாடகைக்கு எடுத்திருந்தார். பாஸ்வேர்டும் அவரிடமே. ஆண்டுக் கட்டணத்தில் தகராறு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் திரை திறக்கவில்லை. 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1 போட வேண்டும். கடைசியில் கேட்ட தொகையைக் கொடுத்துத்தான் கணக்கை வாங்கினார். அதுவும் அச்சுத் தாளாக வந்தது, டேட்டாபேசாக வரவில்லை. ஒவ்வொரு பார்ட்டிக்கும் தொடக்க இருப்பைத் திரும்பவும் கையால் ஏற்றினார்கள். ஜி.எஸ்.டி. விதி 57இன்படி அதிகாரி கேட்டால் மின்னணுக் கணக்குக் கோப்புகளையும் அவற்றின் பாஸ்வேர்டையும் நாம் தர வேண்டும். என்னிடம் இல்லை, அந்தத் தம்பியிடம் இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது. கணக்கை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டிய பொறுப்பும் நம்முடையதே. எனவே சர்வரும் டொமைனும் கடை பெயரில் இருக்க வேண்டும். பில் நம் பெயருக்கு வர வேண்டும். பாஸ்வேர்டு ஒரு தாளில் எழுதி உறையிட்டு இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும்.

சொந்தமாக வைத்துக்கொள்ள ஆள் இல்லை என்பவர்கள் வாடகை முறைக்குப் போகிறார்கள். நமது ஜி.எஸ்.டி. சாலையிலேயே கூடுவாஞ்சேரியைத் தாண்டி வளாகம் வைத்திருக்கும் ஜோஹோ, 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி 2009இல் இந்தப் பெயருக்கு மாறிய நிறுவனம், இம்முறையில் கணக்கு மென்பொருள் தருகிறது. அங்கே டேட்டாபேஸ் பராமரிப்பு அவர்கள் வேலை. மாதா மாதம் நம் கணக்கை இறக்கி வைத்துக்கொள்வது நம் வேலை.

அதே விதி 57 இன்னொன்றும் சொல்கிறது. விபத்திலோ இயற்கைச் சீற்றத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி பேக்கப் வைத்திருக்க வேண்டுமாம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து உறுப்பினர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்த பகுதி அது. பேக்கப் எடுத்த பென் டிரைவைக் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே மேசை இழுப்பறையில் வைத்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். ஃப்ராப்பேயில் ஒரே கட்டளையில் முழு டேட்டாபேசும் சுருக்கிய ஒரு கோப்பாகி விடுகிறது. அதைத் தினமும் இரவு கடைக்கு வெளியே வேறு ஊரில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும்படி செய்யலாம். வாரம் ஒருமுறை மாடி வீட்டில் இருக்கும் பிள்ளையின் கம்ப்யூட்டரிலும் ஒன்று. எடுத்த பேக்கப் திரும்ப ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, ஏதாவது நான்கு பார்ட்டிகளின் நிலுவையை ஒப்பிட வேண்டும். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நம்பி இருந்தவர்கள் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறோம்.

கடைசியாகத் தமிழ் எழுத்து. நம்மில் பலர் பழைய கணக்கைப் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டி வைத்திருக்கிறோம். தமிழக அரசு 2010இல் யூனிகோடை ஏற்றது. புதிய பிரேம்வொர்க்குகளும் டேட்டாபேசுகளும் யூனிகோடில்தான் வேலை செய்கின்றன. பழைய பட்டியலை அப்படியே ஏற்றினால் பார்ட்டி பெயர் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்; மாற்றும் மென்பொருள் கொண்டு முதலில் யூனிகோடாக்க வேண்டும். டேட்டாபேசும் டிரைவரும் இரண்டுமே யூனிகோடுக்கு அமைந்திருக்க வேண்டும், ஒன்று மாறினாலும் பெயர் இருக்கும் இடத்தில் கேள்விக்குறி வரிசை நிற்கும். கேள்விக்குறியாகச் சேமித்துவிட்ட பெயரை மீட்க வழி இல்லை. ஆகவே முதலில் ஐம்பது பார்ட்டிகளை மட்டும் ஏற்றி, பட்டியலை அச்சிட்டு, பழைய பேரேட்டோடு ஒவ்வொரு பெயராக விரல் வைத்து ஒப்பிட்ட பிறகே மற்றதை ஏற்றச் சொல்லுங்கள்.